மாமி தந்த வாழைக்குட்டி

யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளிலே வாழைக்குட்டியை விலை கொடுத்து வாங்கி நடுவோர் மிகச் சிலரே. உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, "வெறுங்கையோடை போகாதேங்கோ" என்று சொல்லி ஒரு குட்டியைக் கிண்டித் தந்துவிடுவார்கள். கதலியோ இதரையோ மொந்தனோ, எதுவாயினும் தருபவரின் அன்பும் கிழங்கிலே ஒட்டிய மண்ணோடு கூடவே வந்து சேரும். சாக்குத் துண்டிலே சுற்றிச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வந்து, கிணற்றடி வாய்க்காலோரமாக நட்டுவிட்டால் மேற்கொண்டு பார்க்கவேண்டிய வேலையும் அதிகமில்லை. எங்கள் வளவுக்கும் அவ்வாறு ஒரு குட்டி வந்தது. மாமி தந்தது.

அக்குட்டியின் கதை எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், "திணைக்களம் நல்ல முறைகளைச் சொல்லுகின்றது, எங்கள் தோட்டக்காரர்தாம் கேட்பதில்லை" என்று கூட்டங்களிலே பேசுகின்ற நண்பர்கள் பலர் எனக்கு உண்டு. நானும் அப்படிப் பேசியவன்தான். அவர்களுக்காகவேனும் இதனை எழுதிவிடலாம் என்று தோன்றுகின்றது.

முதலிலே, எமது பழச்செய்கையாளர் எதையுமே கேட்பதில்லை என்பது உண்மைதானா என்று பார்ப்போம். மாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்தக்கொழும்பான் கொட்டையை ஊன்றி, எட்டுப் பத்து ஆண்டு காத்திருந்து, காய்த்த பின்பு அது கறுத்தக்கொழும்பான்தானா என்று கடித்துப் பார்த்தறிந்த காலம் போய்விட்டது. இன்று மாங்கன்று வாங்கச் செல்பவர் ஒட்டுக்கன்றையே கேட்கின்றார். அது தாய்மரத்தின் குணம் மாறாது; நாலைந்து ஆண்டிலே காய்த்தும் விடும். இதனைக் கைக்கொள்ளச் சொல்லி யாரும் வீடு வீடாகத் திரிய வேண்டியிருக்கவில்லை.

முந்திரிகையைப் பாருங்கள். இலையும் கொடியுமாகப் பந்தலை மூடிச் செழித்து நிற்கும் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி மொட்டையாக்கு என்றால் எவருக்குத்தான் மனம் வரும்? ஆனால் முந்திரிகைக் குலை புதுத் தளிரிலேதான் தோன்றும். வெட்டினால் தளிர், தளிர்த்தால் குலை. ஒருமுறை வெட்டிப் பார்த்தவன் அடுத்தமுறை தானாகவே கத்தரிக்கோலைத் தேடுகின்றான்.

வாழையிலே கடைசிச் சீப்பு விரிந்த பின்பு பொத்தியை ஒடித்துவிடவேண்டும் என்பதும் சிபாரிசுதான். ஒடித்தால் காய் நன்றாகத் திரளும். இதனை அறிவுறுத்த எந்த உத்தியோகத்தரும் வரவேண்டியதில்லை. பொத்தி வறைக்கு வீட்டிலே தேங்காய்ப்பூத் துருவி வைத்துக்கொண்டு ஆள் காத்திருக்கின்றது!

ஆகவே நம்மவர் கேட்காதவர் அல்லர், தெரிந்தெடுத்துக் கேட்கின்றவர். எதனைத் தெரிந்தெடுக்கின்றனர் என்பதிலேதான் விடயம் இருக்கின்றது.

இவ்விடத்திலே ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கலப்பின மக்காச்சோள விதை எவ்வாறு பரவியது என்பதைப் பிறைஸ் றயன், நீல் குறோஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943-ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். றயன் நமக்கு அந்நியரல்லர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து முதலாவது சமூகவியற் பேராசிரியராக விளங்கியவர். இலங்கையின் சாதியமைப்பைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. அயோவாவிலே அவர்கள் ஆராய்ந்தவர்கள் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகள். 1941-ஆம் ஆண்டுக்குள் அவர்களில் இருவர் நீங்கலாக எல்லோரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. பெரும்பாலோர் முதலில் நிலத்தின் ஒரு சிறு பகுதியிலே மாத்திரம் விதைத்துப் பார்த்தனர். செய்தியை முதலிலே கொண்டுவந்தவர் விதை விற்பனைக்காரர். நம்பவைத்தவரோ வேலிக்கு அப்பாலிருந்த அயலவர். அயலவன் விளைச்சலைத் தன் கண்ணாலே கண்ட பின்பே அவர்கள் கைவைத்தனர்.

ஒட்டு மாங்கன்றும் முந்திரிகை வெட்டும் எங்களிடையே பரவியதும் இதே வழியால்தான். செய்தவனுக்கே பயன் வருகின்றது; அயலவன் அதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கின்றான்; அவ்வளவே.

நிற்க. எல்லாச் சிபாரிசுகளும் இத்தன்மையன அல்ல. மாம்பழக் காலத்திலே பழ ஈ செய்யும் நாசத்தை அறியாத வீடு இல்லை. வெளியே அழகாயிருக்கும் பழத்தை வெட்டினால் உள்ளே புழு நெளிகின்றது. அந்த ஈ பழத்தின் தோலைத் துளைத்து முட்டையிடுகின்றது. புழு உள்ளே வளர்ந்து, பழம் விழுந்த பின்பு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வெளிவருகின்றது. ஆதலால் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும், அல்லது பொலித்தீன் பையிலே இறுகக் கட்டி வெயிலிலே போடவேண்டும் என்பது சிபாரிசு. காசு செலவில்லை, குனிந்தெடுக்கும் சிரமம் மட்டுந்தான். ஆயினும் செய்கின்றவர் எத்தனை பேர்? நான் பொறுக்கிப் புதைத்தாலும் பக்கத்து வளவிலே பழம் அழுகிக் கிடந்தால் ஈ அங்கிருந்து வருகின்றது. நான் புதைத்ததனால் வராமற்போன ஈயை எவரும் காண்பதில்லை. பயன் கண்ணுக்குத் தெரியாதது. அதிலே பாதி அயலவனுக்குப் போய்விடுவது. அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எங்கே கிடைக்கும்?

பசளையும் அப்படியே. அளவுக்கு மேல் யூரியா போடாதீர் என்கின்றார்கள். கூடப் போட்டால் மரம் கடும்பச்சையாய்த் தெரிகின்றது; குறையப் போட்டதன் நன்மையோ கிணற்றுக்குள்ளே இருக்கின்றது. வலிகாமத்துச் சுண்ணக்கல்லின் மேலே தோட்டத்திலே இடுவதெல்லாம் நிலத்தடி நீரிலே இறங்குகின்றது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனைத் தாண்டிய கிணறுகள் இங்கு பல உண்டென்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றனர். அந்தத் தண்ணீரைக் குடிப்பவன் பசளை போட்டவன் மாத்திரமல்லனே.

இனி, மாமி தந்த குட்டிக்கு வருவோம்.

அது நன்றாகவே வளர்ந்தது. இரண்டாம் ஆண்டிலே அதன் அடியிலிருந்து எழுந்த குட்டிகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்து, ஒடுங்கிய இலைகளை உச்சியிலே ஒரு கொத்தாகக் கட்டிவைத்தாற்போல நின்றது. தாய்வாழை குலை தள்ளியிருந்தது. அது ஐப்பசி மாதம். எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியராகிய இளம்பெண் வேறொரு கருமமாக வீட்டுக்கு வந்தவர், வாய்க்காலோரத்திலே நின்றுவிட்டார். அந்தக் குட்டியின் இலையொன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நரம்பு வழியே கடும்பச்சைப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரிந்தன.

"ஐயா, இது முடிக்கொத்து நோய். வைரசு. மருந்தில்லை. புதரோடை கிண்டி எடுக்கவேணும்."

"தாய்வாழையிலை குலை கிடக்குதே பிள்ளை! பொங்கல் கழியட்டும்."

"பொங்கலுக்குப் பழம் கடையிலை வாங்கலாம் ஐயா."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் மேலும் வற்புறுத்தவில்லை. போகும்போது, வெட்டுவதாயின் முதலில் குருத்துக்குள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் பின்பே வெட்டவேண்டும் என்று சொல்லிச் சென்றார். அதற்குக் காரணம் உண்டு. இந்த நோயை ஒரு வாழையிலிருந்து மற்றதற்குக் கொண்டு செல்வது இலைமடல்களின் இடுக்கிலே வாழும் அழுக்கணவன் என்ற சிறுபூச்சி. அதைக் கொல்லாமல் வாழையைச் சாய்த்தால் பூச்சி அடுத்த வாழைக்கு இடம்பெயர்ந்துவிடும். நோயும் கூடவே போகும்.

இந்நோயின் வரலாறும் நம் கதையை ஒத்ததே. 1880-களின் பிற்பகுதியிலே பீஜித் தீவுகளில் அது அறியப்பட்டது. 1913-ஆம் ஆண்டளவிலே அங்கிருந்து வந்த குட்டிகளோடு அவுஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் இலங்கையிலும் காணப்பட்டது. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலே, நியூ சவுத் வேல்சின் வடக்கிலும் குயின்ஸ்லாந்தின் தெற்கிலும், 1920-களின் நடுப்பகுதிக்குள் வாழைத்தோட்டங்கள் பெரும்பாலும் பாழாயின. அரசாங்கம் ஆராயப் புறப்பட்டது. மகீ என்னும் இளம் விஞ்ஞானி, அழுக்கணவனே நோயைக் காவுகின்றது என்பதையும், நோய் கண்ட புதரிலிருந்து எடுக்கும் குட்டி நோயையும் கூட எடுத்துச் செல்லும் என்பதையும் சோதித்து நிறுவினார். பரிகாரம் மிகவும் எளிது: சுத்தமான குட்டியை நடு, நோய் கண்டதை உடனே அழி.

எளிதுதான், ஆனால் பத்துத் தோட்டக்காரரில் ஒன்பது பேர் அழித்து ஒருவர் விட்டுவைத்தால் ஒன்பது பேரின் உழைப்பும் வீண். அவுஸ்திரேலியர் இதனை விளங்கிக்கொண்டனர். பிரசுரம் அச்சிட்டுக் கொடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சட்டம் இயற்றினர். தோட்டங்களைப் பார்வையிடப் பரிசோதகரை நியமித்தனர். அநுமதியின்றிக் குட்டி கொண்டுபோதலைத் தடுத்தனர். நோய் கண்டால் அழித்தே தீரவேண்டும் என்று விதித்தனர். 1930-களிலே அங்கே வாழைச்செய்கை மறுபடியும் தலையெடுத்தது. அந்தப் பரிசோதனை அங்கே இன்றும் நடைபெறுகின்றது.

நான் பொங்கல் வரை பொறுத்தேன். குலையும் முற்றியது, பழமும் இனித்தது. அதை மறைப்பானேன்? குலையை வெட்டிய பின்பும் புதரைக் கிண்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று மாசி வரை போயிற்று.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் 8 பரப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கதலி வைத்திருந்தார் ஒருவர். என்னிலும் மூத்தவர், அண்ணை என்று அழைப்பேன். 200-க்கு மேற்பட்ட வாழை. 1995 ஒக்டோபரிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, காய்க்கும் பருவத்து மாமரங்களை விட்டுப் போய், திரும்பி வந்து அடிக்கட்டைகளைக் கண்டவர் அவர். அதன்பிறகு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டிய எதனையும் நடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாராம். "குத்தகைக் காணியிலை மாமரம் வைச்சு ஆருக்குத் தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். நீண்டகாலப் பயிர் வையுங்கள் என்னும் சிபாரிசை அவர் ஏற்காததற்கு அறியாமையா காரணம்?

குலைக்கு உறை போடுங்கள், தோலிலே தழும்பு விழாது என்று அவருக்குச் சொன்னார்களாம். போட்டார். சந்தையிலே உறை போட்ட குலைக்கும் போடாத குலைக்கும் ஒரே விலை. நிறையிலே நூற்றுக்குப் பத்துக் கழிவும் இரண்டுக்கும் ஒன்றே. அடுத்த ஆண்டு அவர் உறை வாங்கவில்லை. 2021-ஆம் ஆண்டு வைகாசியிலே இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, அதே ஆண்டு கார்த்திகையிலே அத்தடையை நீக்கினார்களே, அதன்பின் அவர் பசளை பற்றிய பேச்சு வந்தால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

சித்திரையிலே அவருடைய முதல் வரிசையிலே, எங்கள் வேலியை ஒட்டிய வரிசையிலே, நாலு வாழை கொத்தாயின. இந்நோய் ஏறிய நாளிலிருந்து அறிகுறி தோன்ற ஒரு மாதமோ அதற்கு மேலோ செல்லும். நாளைக் கணக்கிட்டுப் பார்த்தால் யாருடைய பொங்கல் குலை அது என்பது எவருக்கும் விளங்கும். அவருக்கும் விளங்கியிருக்கும். ஆனி மாதத்துக்குள் 37 புதர்களைக் கிண்டினார். ஒவ்வொன்றுக்கும் முதலில் மண்ணெண்ணெய். நான் வேலியருகே போய் நின்றபோது மண்வெட்டியை நிறுத்தாமலே, "உங்கட பக்கம் ஒருக்கா வடிவாப் பாருங்கோ தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

சிபாரிசு என்னவென்று எனக்குத் தெரியாதிருந்ததா? வீடு தேடிவந்து ஒரு பிள்ளை சொல்லிவிட்டுப் போனது. கைச்செலவு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். இழப்பதென்றால் ஒரு குலை. அந்தக் குலை எனது கண்ணுக்கு முன்னே தொங்கியது. அண்ணையின் 37 வாழைகளும் வேலிக்கு அப்பால் இருந்தன. படித்தவன், பத்திரிகையிலே எழுதுகின்றவன் செய்ததே இதுவாயின், அந்த ஒரு குலையை விற்றுப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கின்றவன் பொங்கல் கழியட்டும் என்று சொன்னால் அவனை எந்த முகத்தோடு குறைகூறுவது?

ஆகவே, செய்தவனுக்கே பயன் தரும் முறைகளைக் காட்டிவிட்டால் போதும். அவை தாமாகவே வேலி தாண்டும். அயலவனைக் காக்கும் முறைகளுக்கோ வேறு ஏற்பாடு வேண்டும். ஊரிலே எல்லோரும் ஒரே கிழமையிலே பார்த்து ஒரே கிழமையிலே கிண்ட வேண்டும். குலையோடு நிற்கும் வாழையை அழிக்கின்றவனுக்கு அந்தக் குலையின் விலையை யாரேனும் கொடுக்க வேண்டும். சுத்தமான குட்டியோ இழைய வளர்ப்புக் கன்றோ கைக்கெட்டும் தூரத்திலே கிடைக்க வேண்டும். இவற்றை ஊரிலே நின்று ஒழுங்கு செய்ய ஆட்களும் வேண்டுமல்லவா? 1912-ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயத் திணைக்களத்துக்குக் கிராமந்தோறும் கால் பதித்த உத்தியோகத்தர் ஒரு காலத்திலே இருந்தனர். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு விரிவாக்க வேலையிற் பெரும்பகுதி மாகாணங்களுக்குப் போயிற்று. 1989-ஆம் ஆண்டளவிலே கிராமமட்ட விரிவாக்க உத்தியோகத்தர் ஏறத்தாழ 2,400 பேரைக் கிராம சேவகர் பதவிக்கு மாற்றிவிட்டனர். நற்சாட்சிப் பத்திரமும் வாக்காளர் இடாப்பும் எழுதப் போனவர்கள் மறுபடி வாழையடிக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளைக்கு எத்தனை ஊர்கள் பொறுப்போ! வற்புறுத்தாமல் போனதற்கு நேரமின்மையே காரணமாயிருக்கலாம்.

இவ்வளவும் எழுதிய பின்பு ஒன்று மிச்சமாயிருந்தது. அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது? மாமியின் வளவிலே இன்னும் புதர்கள் நிற்கின்றன. இன்னும் வருவோர் போவோருக்கெல்லாம் குட்டி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அன்போடு தந்த பொருளிலே நோய் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ஓராண்டுக்கு மேலாக இதைத் தள்ளிப்போட்டிருக்கின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற கிழமை போனேன். கிணற்றடியிலே ஐந்து புதர். மூன்று கொத்தாயிருந்தன. இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, அந்தப் பிள்ளை எனக்குக் காட்டியவாறே மாமிக்குக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நடுவிலை நிக்கிறது மாமா வைச்சது" என்றார்.

"ஓம் மாமி."

"உங்களுக்குத் தந்ததும் அதிலை கிண்டினதுதான். அந்த அண்ணையின்ரை வாழை எத்தனை போனது எண்டனீங்கள்?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, நான் சைக்கிளிலே கொளுவி வந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"எத்தினை கரண்டி?" என்று கேட்டார்.